புகையை விட்ட பின் வரும் இருமல்

பீடியையோ சிகரெட்டையோ விட்டொழித்தவர்களுள் பலர், விட்ட சில நாட்களிலேயே இருமலும் சளியும் முன்னிலும் அதிகப்படக் கண்டு, 'புகைத்தபோதே சௌக்கியமாக இருந்தேனே' என்று மனந்தளர்ந்து, மறுபடியும் அதையே நாடிவிடுவதுண்டு. சுவாசக் குழாய்களின் உட்புறத்தில் ஓயாமல் அசைந்து, தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிவிடும் நுண்ணிய மயிரிழைகள், புகையினால் ஸ்தம்பித்துக் கிடந்த நிலை நீங்கித் தம் காரியத்தை மீண்டும் தொடங்குவதன் அடையாளமே பெரும்பாலும் அந்த இருமல். சில வாரங்களில் அது தணியும். தணியாவிட்டாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, வைத்தியரைப் பார்ப்பது அவசியம்.

புகையினால் நுரையீரலில் உண்டாகும் அழற்சியோ, இருமலைப்போல் அவ்வளவு சீக்கிரத்தில் அகல்வதில்லை. புகையை எதிர்க்கத் திரளும் வெள்ளணுக்கள் சுரக்கும் இரசங்கள், நுரையீரலின் மெல்லிய காற்றறைச் சுவர்களையே அரித்துவிடுகின்றன. அரிபட்ட சுவர் மீண்டும் எழுவதில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் கண்டவர்களிடம், புகையை விட்ட பின்னும் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுண்டு.

அப்படியானால் விடுவதால் என்ன பிரயோஜனம்? அமெரிக்காவிலும் கனடாவிலும், அடைப்பு நோயின் ஆரம்ப நிலையிலிருந்த புகைப்பவர்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தபோது, ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு, புகைத்துக்கொண்டே இருந்த ஆண்களுக்கு வருஷந்தோறும் சுமார் 66 மில்லிலிட்டர் குறைந்துவர, அறவே விட்ட ஆண்களுக்குச் சுமார் 30 மில்லிலிட்டரே குறைந்தது. இதே கணக்கில் 20 ஆண்டுகளில் விட்டவருக்குக் கூடுதலாக மிஞ்சுவது முக்கால் லிட்டருக்குச் சற்றே குறைந்த சுவாசம். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறவருக்கு அது எத்தனை பெரிய செல்வமென்று தெரியும்.