மஞ்சள் இலைக்கு யூரியாவா?

நெற்பயிர் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்கிறோம். அது பாக்டீரியா இலைக்கருகலாக இருந்தால் யூரியா நோயைத்தான் வளர்க்கும்.

நிபுணர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? வரிசையாகக் கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்விகளையும், 'இப்படியிருந்தால் இது' என்ற விதிகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பதற்கு நிபுணர் அமைப்பு என்று பெயர். 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், மனிதருக்கு வரும் பாக்டீரியா தொற்றுக்காக 'மைசின்' என்று ஒன்றைச் செய்தார்கள். நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நெல் முதலான பயிர்களுக்கு உருவாக்கியிருக்கிறது.

அடி இலை முதலில் மஞ்சளாச்சா? தழைச்சத்துக் குறை. குருத்து இலை வெளுத்ததா? இரும்பு அல்லது கந்தகச்சத்துக் குறையாக இருக்கலாம். நுனியிலிருந்து ஓரமாக, நெளிநெளியாக மஞ்சள் இறங்குகிறதா? அந்த இலையை நறுக்கி, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடி டம்ளரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போலக் கசிவு இறங்கினால் இலைக்கருகல்தான். யூரியாவை நிறுத்தி, வயல் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டர் வயலைப் பார்ப்பதில்லை. நாம் சொல்வதை வைத்தே முடிவு சொல்லும். "சும்மா மஞ்சளா இருக்குங்க" என்றால் அதுவும் திணறும், நானும் திணறுவேன். அதனால் வரப்பிலேயே நிற்காமல் உள்ளே இறங்கி நாலைந்து இடத்தில் பாருங்கள். நட்டு எத்தனை நாள், கடைசியாக என்ன உரம், எப்போது போட்டது என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.