ஒரு வீட்டின் நிலவறையில் அரபு நாடுகள்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் குவைத் என்ற பெயர் கேட்காத லயம் கிடையாது. இறக்குவானையோ தெரணியகலையோ, எட்டியாந்தோட்டையோ பலாங்கொடையோ, எந்தப் பக்கம் போனாலும் அம்மாவையோ அக்காவையோ சின்னம்மாவையோ வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு மாதக் காசுக்குக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. அங்கே போய் வந்தவர்களிடம் அந்த ஊர் எப்படி என்று கேட்டால் வெயில், பெரிய வீடு, ஓயாத வேலை என்பார்கள். ஒரு நாட்டின் அடுக்களையைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அதன் முன்கூடத்தைப் பார்க்க வாய்ப்பு இல்லை. இன்று அந்த முன்கூடத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

குவைத் நகரை அடுத்த ஜாப்ரியா பகுதியில் தாரிக் ரஜப் நூதனசாலை இருக்கிறது. இதை நடத்துவது அரசாங்கம் இல்லை, ஒரு குடும்பம். தாரிக் சையித் ரஜப் குவைத்தின் தொல்பொருள், நூதனசாலைத் திணைக்களத்துக்கு முதல் பணிப்பாளராக இருந்தவர். மனைவி ஜெஹான் இங்கிலாந்துக்காரர். இருவரும் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த பொருள்களை 1980இல் தங்கள் வீட்டின் நிலவறையில் வைத்து மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில், விடுமுறை நாளில் போக இடம் தேடிக்கொண்டிருந்த எனக்கு ஒரு நண்பர் காட்டிக் கொடுத்த இடம் இது.

இப்படி ஒரு நூதனசாலை அங்கே ஏன் தேவைப்பட்டது? குவைத்தில் எண்ணெய் கண்டுபிடித்தது 1938இல். முதல் கப்பல் எண்ணெய் வெளியே போனது 1946இல். அதற்கு முன்பு முத்துக்குளிப்பும் கடல் வாணிபமும்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டன. காசு வந்ததும் மண் வீடுகள் இடிந்தன. ஊரைச் சுற்றியிருந்த மதில் 1957இல் தரைமட்டமானது. பாட்டி உடுத்திய உடுப்பைப் பேத்தி கண்ணால் பார்க்காத நிலை ஒரே தலைமுறையில் வந்துவிட்டது. அரண்மனைப் பொருள்களை அரசு எப்படியும் காப்பாற்றும். வீட்டுப் பெட்டிக்குள் கிடந்த சாமான்களுக்குக் கதி இல்லை. ரஜப் தம்பதியர் கை வைத்தது அங்கேதான்.

உள்ளே குர்ஆன் ஏடுகள் உண்டு, மட்பாண்டங்களும் உலோக வேலைகளும் உண்டு. ஆனால் என்னை நிறுத்திவைத்தவை பெண்களின் பொருள்கள். பாலஸ்தீனக் கிராமத்துப் பெண்கள் தங்கள் கையாலேயே பூவேலை செய்த நீள அங்கிகள், ஓமான், ஏமன் நாட்டுப் பெண்கள் அணிந்த வெள்ளி நகைகள். பாலஸ்தீன உடுப்பைப் பற்றியும் ஓமான் வெள்ளி நகைகளைப் பற்றியும் ஜெஹான் தனித்தனியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார். குர்ஆன் ஏட்டுக்குக் கொடுத்த அதே மரியாதையை நாட்டுப்புறத்துப் பெண்ணின் கால் கொலுசுக்கும் கொடுத்தார்கள் பாருங்கள், இந்த நூதனசாலையின் சிறப்பே அதுதான் என்பேன்.

ஒரு நகையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 'ஹிர்ஸ்' என்பது நம் ஊர்த் தாயத்தைப் போன்றது, ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரியது. வெள்ளியில் செய்த உருளைக் கூடு. குர்ஆன் வசனம் எழுதிய தாளைச் சுருட்டி அதற்குள் வைத்துவிடுவார்கள். கூட்டின் மேல் வெள்ளி மணிகளைப் பொடிப்பொடியாகப் பதித்து வேலைப்பாடு. அடியில் வரிசையாகச் சங்கிலியும் மணியும் தொங்கும். பெண் நடந்தால் சத்தம் கேட்கும், கண்ணேறு விலகும் என்பது நம்பிக்கை.

இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை ஆஸ்திரியாவுக்குப் போகிறது. மரியா தெரசா என்ற மகாராணியின் முகம் பதித்த வெள்ளி நாணயம் அது. ஒன்று 28 கிராம் நிறை. மகாராணி இறந்தது 1780இல். அதற்குப் பிறகும் அதே ஆண்டைப் பொறித்தே தொடர்ந்து அச்சடித்தார்கள். அரபு நாட்டுச் சந்தைகளில் அதற்கு அவ்வளவு நம்பிக்கை. தட்டான்கள் அதை உருக்கி நகை செய்தார்கள், சில சமயம் நாணயத்தையே கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டார்கள்.

நகை மணப்பெண்ணின் சொந்தச் சொத்து. கஷ்டம் வந்தால் விற்கலாம். அவள் இறந்தால் பெரும்பாலும் உருக்கிவிடுவார்கள். அடுத்த மணப்பெண்ணுக்குப் புதிதாகத்தான் செய்ய வேண்டும், பழசைப் போடுவது கௌரவக் குறைவு. அதனால்தான் மிகப் பழைய வெள்ளி நகைகள் அகப்படுவது அரிது. அதோடு, ஏமனில் வெள்ளி வேலையில் பேர்போன தட்டான்கள் யூதர்கள். 1949, 1950ஆம் ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். கைத்தொழிலும் அவர்களோடு விமானம் ஏறிவிட்டது. உருக்கப்போகும் நகையை உருகாமல் தடுத்தவர்கள் இப்படிச் சேகரித்தவர்கள்தான்.

இந்தச் சேகரிப்புக்கே ஒரு சோதனை வந்தது. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. தேசிய நூதனசாலை சூறையாடப்பட்டு எரிந்தது, அங்கிருந்த இஸ்லாமியக் கலைப் பொருள்கள் பக்தாத்துக்கு ஏற்றப்பட்டன. ரஜப் குடும்பம் நிலவறைக்கு இறங்கும் வழியைச் சுவர் எழுப்பி அடைத்து, முன்னால் குப்பை கூளங்களைக் கொட்டி வைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் தேடவில்லை. 1991 பெப்ரவரியில் நாடு விடுபட்டபோது பொருள்கள் பத்திரமாக இருந்தன. ஈராக் படை அங்கே இருந்த மாதங்களில் நம் நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சம்பளத்தையும் பெட்டியையும் விட்டுவிட்டுப் பாலைவனம் கடந்து ஜோர்தானுக்கு ஓடிவந்ததையும், பிறகு ஐக்கிய நாடுகள் சபையின் நட்டஈட்டுக்கு விண்ணப்பம் எழுதியதையும் மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வளைகுடாவில் இது போன்ற தனியார் நூதனசாலைகள் வேறும் உண்டு. மஸ்கட்டில் சுபைர் குடும்பம் 1914இல் கட்டிய தங்கள் பழைய வீட்டை 1998இல் 'பைத் அல் சுபைர்' என்று திறந்தது. இடுப்பில் செருகும் கஞ்சர் கத்திகளுக்குப் பேர்போன இடம். அதே 1998இல் கத்தாரில் ஷேக் பைசல் என்பவர் தோஹாவுக்கு மேற்கே கோட்டை வடிவத்தில் ஒன்றை அமைத்தார். பழைய மோட்டார் வண்டிகள் முதல் டமாஸ்கஸ் நகரத்து வீடு ஒன்று முழுதாக வரை அங்கே இருக்கிறது.

புகழ்ந்துகொண்டே போனால் அது மதிப்பீடு ஆகாது. தனியார் நூதனசாலையில் எதை வைப்பது, எதை விடுவது என்பது முதலாளியின் விருப்பம். வாங்கத் தகுந்த அழகு இருந்தால்தான் பொருள் உள்ளே வரும். முத்துக்குளிப்பவன் மூக்கை அடைத்துக்கொள்ளும் சிறு கவ்வி அழகானது இல்லை. ஆனால் அந்த நாட்டின் பழைய செல்வத்தில் பெரும்பங்கு அந்தக் கவ்வி அணிந்தவன் மூச்சில் நின்றது. உள்ளே வந்த நகைகளிலும் ஒரு குறை உண்டு. ஊரும் காலமும் எழுதியிருக்கும், தட்டான் பெயர் இராது. இன்றைய வளைகுடா வீடுகளை நடத்தும் நம் பெண்களைப் பற்றியும் இந்தக் கண்ணாடிப் பெட்டிகள் பேசுவதில்லை.

அரபு உலகுக்கும் நம் சப்ரகமுவை மாகாணத்துக்கும் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1344இல் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவர் கொடுத்த துணையோடு சிவனொளிபாதமலை ஏறினார். மலையில் பிடித்து ஏறுவதற்கான சங்கிலிகளைப் பற்றியும், இந்தத் தீவின் பெண்கள் பல நிற மாணிக்கக்கற்களைக் கோத்து அணிவதைப் பற்றியும் எழுதிவைத்தார். அந்த எழுத்தால்தான் அந்தக் கழுத்தணிகள் நமக்குத் தெரிகின்றன. நகைகள் மிஞ்சவில்லை.

நம் தோட்டத்துப் பாட்டிமார் காதில் தொங்கிய தண்டட்டியும் காலில் கிடந்த தண்டையும் எங்கே? கொஞ்சம் அடகுக் கடையில் உருகியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பல் ஏறியவர்களோடு கொஞ்சம் போனது. 1977இலும் 1983இலும் எரிந்த லயங்களில் கொஞ்சம் போனது. எண்ணெய்க் காசு வந்ததால் அவர்கள் பழசை இழந்தார்கள், நாம் காசு இல்லாததால் இழந்தோம்.

ஆனால் காப்பதற்குக் கோடீஸ்வரர் வேண்டும் என்று நினைக்காதீர்கள். கம்பளைப் பக்கம் பழைய பீகாக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் பழைய லயக் காம்பராக்களிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையைத் தொடங்கியது. அது தேயிலை மலைக்கு உரியது. சப்ரகமுவையின் கதை பாதி இறப்பர்க் கதை. பால்வெட்டும் கத்தி, சிரட்டை, பால் வாளி, காமன் கூத்துக்குக் கட்டிய முடி, வெளிநாடு போன அம்மா ஒலிநாடாவில் பேசி அனுப்பிய கடிதம், இவற்றுக்கு இன்னும் ஓர் அறை இல்லை.

புதிய வீட்டுத்திட்டம் வந்து லயத்தை உடைக்கும்போது ஒரு காம்பராவை மட்டும் விடச் சொல்லிக் கேளுங்கள். கோயில் கமிட்டியோ வாசிகசாலையோ பொறுப்பெடுக்கட்டும். ஒவ்வொரு பொருளோடும் அதை வைத்திருந்தவர் பெயர், தோட்டம், டிவிஷன், எந்த வேலைக்குப் பயன்பட்டது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். வளைகுடாவின் செல்வந்தர்கள் செய்யாமல் விட்டது அந்தப் பெயர் எழுதும் வேலைதான். அதற்குக் காசு தேவையில்லை, கேட்டு எழுத ஆள் இருந்தால் போதும். இந்த வருடம் பள்ளிக்கூட விடுமுறையிலேயே பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிவிடலாம்.