அவையறிதல் முந்தியது

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு பெருமைக்குரியதுதான். ஆயினும் நம் கூட்ட அழைப்பிதழ்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பவர்க்கு ஒன்று புலப்படும். கவியரங்கில் ஆண்டுதோறும் புதுப் பெயர்கள் சேர்கின்றன. சொற்பொழிவாளர் வரிசையிலோ அதே நான்கைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கவிதை படிக்க அஞ்சாத இளைஞர், உரையாற்ற அழைத்தால் பின்வாங்குகின்றார். இந்நிலை நீடித்தால் இருபதாம் ஆண்டு விழாவில் பேச ஆளிராது. ஆகவே, முதல் மேடைக்கு ஒருவர் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொள்வது என்பதையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன்.

திருக்குறளில் அமைச்சியலின் இறுதியில் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 72ஆவது, அவையறிதல், 73ஆவது, அவையஞ்சாமை. இந்த வைப்புமுறையிலேயே ஒரு பாடம் இருப்பதாக நான் கருதுகின்றேன். முதலில் அச்சம் போகட்டும், பிறகு அவையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றே நாம் எண்ணுகின்றோம். வள்ளுவமோ அறிதலை முன்னும் அஞ்சாமையைப் பின்னும் வைக்கின்றது. கண்ணாடி முன் நின்று கையசைவு பழகுபவர் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கின்றார். அதுவரை நடுக்கம் தீராது. எதிரே அமரப்போகின்றவர் யார், அவர்க்கு என்ன வேண்டும் என்று எண்ணத் தொடங்கிய பொழுதே அது பாதி தீர்ந்துவிடும்.

அவைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதற்கு நம் ஊரிலிருந்தே சான்று காட்டலாம். 1893ஆம் ஆண்டு, ஏறத்தாழப் பதினொரு வயதுச் சிறுவனாகிய சுப்பிரமணியன் இந்த எட்டயபுரத்தில் புலவர் அவை முன் நின்று 'பாரதி' என்னும் பட்டம் பெற்றான். அது கற்றோர் அவை. யாப்பறிந்த செவிகள், பிழை தேடும் கண்கள். அங்கு வேண்டியது புலமையும் விரைவும்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கிருந்து தெற்கே தூத்துக்குடியில் வேறோர் அவை கூடிற்று. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனாரும் வத்தலக்குண்டிலிருந்து வந்த சுப்பிரமணிய சிவாவும் பேசினர். கோரல் ஆலைத் தொழிலாளர் திரண்டு கேட்டனர். அங்கு அணியும் சந்தமும் எடுபடமாட்டா. கூலி, வார விடுமுறை என்று கேட்பவன் வாழ்வைத் தொடும் செய்தியே செல்லும். அவ்வாண்டு பிப்ரவரி 27ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வோடு முடிந்தது. அப்பேச்சுகளே பின்னர் வழக்குமன்றத்தில் குற்றச்சாட்டாயின. சூலைத் திங்களில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதிக்கப்பெற்றன. மேடைச் சொல்லுக்கு எவ்வளவு விலை உண்டென்று அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது அவை சிறியது. 1921ஆம் ஆண்டு சூலை இறுதியில் பாரதியார் ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வாசகசாலையில் பேசினார். மனிதனுக்கு மரணமில்லை என்பது பொருள். அரசவையும் இல்லை, ஆலைத் திரளும் இல்லை. நூல் படிக்கக் கூடியவர்களின் கூட்டம். அடுத்த செப்டம்பரில் அவர் மறைந்தார். எட்டயபுரத்துப் புலவர் அவை முன் நின்றவர், தம் இறுதி நாள்களில் நம் வட்டத்தைப் போன்றதொரு சிற்றவையிலும் பேசினார் என்பது நமக்கு நெஞ்சில் நிறுத்தத்தக்கது.

இனி, ஆயத்தம் பற்றிச் சில சொல்வேன். அழைப்பு வந்தவுடன் தலைப்பைத் தேடாதீர்கள். யார் வருவார்கள் என்று கேளுங்கள். நம் கரிசல் வட்டாரக் கூட்டத்தில் தமிழாசிரியரும் இருப்பார். பருத்திக்காட்டிலிருந்து திரும்பியவரும், தீப்பெட்டி ஆலையில் வேலை முடித்து வந்தவரும் இருப்பர். இம்மூவர்க்கும் பொதுவாகச் சொல்லத்தக்க ஒரே கருத்தை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அவ்வரி அமையாவிடின் உரை அமையாது. பத்து மணித்துளி என்றால், நிறுத்திப் பேசுபவர்க்கு ஆயிரம் சொல்லுக்கு மேல் இடமில்லை. மேடையிலுள்ளோர் பெயரையெல்லாம் அடைமொழியோடு விளித்தால் அதில் கால்பங்கு கரைந்துவிடும்.

முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். இடையே உள்ளதைச் சிறு சீட்டில் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தவர்க்கு ஒரு சொல் மறந்தால் அடுத்ததும் மறக்கும். வீட்டில் நின்றுகொண்டு, வாய்விட்டு, இலக்கியம் படிக்காத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே "அப்படியென்றால்?" என்று கேட்கின்றாரோ அங்கே திருத்துங்கள். கவிஞர்க்கு இது கடினம். கவிதையில் ஒரு சொல் விளங்காவிடின் வாசகர் திரும்பப் படித்துக்கொள்வார். பேச்சில் திரும்பிப் பார்க்க வழியில்லை.

தமிழில் உரைநடைச் சொற்பொழிவு என்பதே நெடுங்காலப் பழமையுடையதன்று என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியது 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள். பாட்டுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. இன்றைய மேடைப் பேச்சுக்கு இரண்டு நூற்றாண்டும் நிறையவில்லை. ஆகவே அது கைவரவில்லையே என்று வெட்குவதற்கு ஒன்றுமில்லை.

நிறைவாக, மூத்தோரிடம் ஒரு வேண்டுகோள். ஆயத்தம் பேசுபவர்க்கு மட்டும் உரியதன்று, அவைக்கும் உரியது. ஒவ்வொரு திங்கள் கூட்டத்திலும் முதல் பத்து மணித்துளியை, இதுவரை பேசாத ஒருவர்க்கு ஒதுக்குங்கள். அவர் பேசி முடிக்கும் வரை எழாதீர்கள், கைக்கடிகாரத்தைப் பாராதீர்கள். பேச்சு முடிந்தபின் தனியே அழைத்து ஒரு நிறையும் ஒரு குறையும் சொல்லுங்கள். எட்டயபுரத்து அவை ஒரு சிறுவனைச் சோதித்தது. அவனுக்குச் செவியும் கொடுத்தது. அந்தச் செவியை நாமும் கொடுப்போமாக.