அலைக்குக் கீழே ஒரு காடு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேசும் இந்த வேளையில் கடலடிப் பாறைகளைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், நான் சொல்லப்போகும் கடலுக்கு இலக்கியத்தில் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மொன்ரறே குடாவே அது. 1962 இல் நோபல் பரிசு பெற்ற ஜோன் ஸ்ரெயின்பெக், 1945 இல் வெளிவந்த 'கனறி றோ' என்ற தமது நாவலில், அக்கரையின் தகரமீன் தொழிற்சாலைத் தெருவையும் அங்கே ஆய்வுகூடம் வைத்திருந்த 'டொக்' என்ற மனிதரையும் உலகறியச் செய்தார். டொக் வெறுங் கற்பனையல்லர். எட் றிக்கற்ஸ் என்ற கடலுயிரியலாளரே அப்பாத்திரத்தின் மூலம்.

றிக்கற்ஸ் 1939 இல், ஜக் கல்வின் என்பவரோடு சேர்ந்து, பசுபிக் கரையோர உயிர்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உயிர்களை இனம் இனமாகப் பிரித்து, நண்டுகளுக்கு ஓர் அதிகாரம், சிப்பிகளுக்கு இன்னோர் அதிகாரம் என எழுதுவதே அன்றைய வழக்கம். அவரோ, அவை வாழும் இடத்தைக் கொண்டு பகுத்தார். அலை மோதும் பாறை, ஒதுக்கான குடா, துறைமுகத்து மரத்தூண் என்று இடத்தைச் சொல்லி, அங்கே எது எதனோடு கூடி வாழ்கிறது என்று காட்டினார். திணை படித்த நமக்கு இது அந்நியமான பார்வையன்று. நிலத்தைச் சொன்னால் அதன் மரமும் புள்ளும் விலங்கும் தொழிலும் கூடவே வரும் என்பதுதானே கருப்பொருள் கற்பிக்கும் பாடம்? றிக்கற்ஸ் தொல்காப்பியம் அறிந்தவர் என்று சொல்ல நான் வரவில்லை. உயிர்களை உறவோடு சேர்த்துப் பார்க்கும் கண் இரண்டு இடத்திலும் திறந்திருந்தது என்பதே என் கருத்து.

ஆனால், றிக்கற்ஸின் களம் பெரும்பாலும் கடல் வற்றும்போது வெளித்தெரியும் பாறைகளோடு நின்றது. 1943 இல் பிரான்சில் ஷாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கிய சுவாசக் கருவி அமெரிக்கக் கரைகளில் பரவலாவதற்கு முன்னரே, 1948 இல், அவரது கார் மீது புகையிரதம் மோதி அவர் இறந்துபோனார். அவர் நின்ற எல்லைக்கு அப்பால் பின்வந்த சுழியோடிகள் இறங்கினார்கள்.

அவர்கள் கண்டது என்ன? அந்நீர் நமது பவளப்பாறைக் கடல்போல வெதுவெதுப்பானதன்று. ஏறக்குறைய 10 முதல் 15 பாகை செல்சியஸ் குளிர். தடித்த இறப்பர் உடையின்றி நெடுநேரம் தரிக்க முடியாது. இளவேனிலில் வீசும் வடமேல் காற்று மேல்நீரை வெளியே தள்ள, ஆழத்திலிருந்து ஊட்டம் மிக்க குளிர்நீர் மேலெழுகிறது. அந்த ஊட்டத்தில் வளர்வதுதான் கெல்ப் என்னும் பெருங்கடற்பாசி. அதற்கு வேரில்லை, பாறையைப் பற்றும் பிடிதான் உண்டு. இலைக்கு இலை காற்றுப்பை தாங்க, நல்ல காலத்தில் நாளொன்றுக்கு 30 சென்றிமீற்றருக்கு மேலும் உயர்ந்து, நீர்மட்டத்தில் கூரையாகப் படரும். அத்தூண்களின் நடுவே பாறைமீன்கள் அசையாது நிற்கும். பாறையிலோ கடற்பஞ்சும் கடற்சாமந்தியும் நட்சத்திர மீனும் கையகல வெற்றிடமின்றி ஒட்டியிருக்கும். ஆழத்தில் செந்நிற ஒளி நீரில் உறிஞ்சப்பட்டுவிடுவதால் எல்லாம் சாம்பல் பூத்துத் தோன்றும். கைவிளக்கை ஏற்றினாற்றான் பாறை சிவந்து எழும். சுழியோடிக்குக் கேட்பதில் பெரும்பகுதி தன் மூச்சொலியே.

இந்தக் காட்டுக்கு ஒரு காவலாளி உண்டு: கடல் நீர்நாய். அடர்ந்த உரோமத்துக்காக 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டுகளில் வேட்டையாடப்பட்டு, அக்கரையில் அது அழிந்தேபோயிற்று என்று பலரும் எண்ணியிருந்தனர். 1938 இல் மொன்ரறேக்குத் தெற்கே ஏறத்தாழ 50 நீர்நாய்கள் கூட்டமாகக் காணப்பட்டன. இன்று கலிபோர்னியாவில் சுமார் 3000 உள்ளன. நீர்நாய் கடல் முள்ளியைத் தின்னும். கடல் முள்ளி கெல்பைத் தின்னும். நீர்நாய் இருந்தால் காடு இருக்கும் என்பது பாடநூல்கள் சொல்லும் சூத்திரம்.

2013 இல் அச்சூத்திரத்தின் இன்னொரு பாதி தெரியவந்தது. ஒரு நோயினால் நட்சத்திர மீன்கள் கரைந்து கூழாகி மடிந்தன. முள்ளிகளை வேட்டையாடும் இருபது கைப் பெரிய நட்சத்திர மீன், கலிபோர்னியக் கரையில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அந்நோய்க்கு ஒரு பற்றீரியாவே காரணம் என ஆய்வாளர் அறிவித்தது 2025 இலேதான். நோயை அடுத்து, 2014 முதல் 2016 வரை கடல் வழமைக்கு மேல் சூடாகியது. முள்ளிகள் பெருகின, நீர்நாய் இல்லாத வட கலிபோர்னியாவில் கெல்ப் காட்டின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. மொன்ரறேயில் காடு திட்டுத் திட்டாக எஞ்சியது. அத்திட்டுகளில் உள்ள கொழுத்த முள்ளிகளையே நீர்நாய்கள் தின்றன. வெறும்பாறையில் பட்டினி கிடந்த முள்ளிகளுக்குள் சதையில்லை. அவற்றை அவை தொடவில்லை. எஞ்சியதைக் காவலாளி காத்தான். இழந்ததை மீட்க அவனால் இயலவில்லை.

நேயர்களே, தரையில் ஒரு காடு வெட்டப்பட்டால் வழிப்போக்கனும் காண்பான். கடலடியில் காடு அழிந்தாலோ, மேலே அதே நீலம், அதே அலை, கரையில் அதே உல்லாசப் பயணிகள். இறங்கிப் பார்த்தவன் வந்து சொன்னாலன்றி இழப்பின் முழு அளவு தெரியாது. அங்கே தன்னார்வச் சுழியோடிகள், நீருக்கடியில் எழுதத்தக்க பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, மீனையும் முள்ளியையும் கெல்ப் தண்டையும் ஆண்டுதோறும் எண்ணி எழுதுகிறார்கள். அழகாக எழுத அங்கே நேரமில்லை. தோளில் உள்ள காற்று அளவானது. கண்டதைக் கண்டபடி, எண்ணிக்கை தவறாமல் எழுதவேண்டும்.

மாணவர்கள் வருணனை எழுதும்போது உவமைகளைத் தேடி அலைகிறார்கள். அந்தப் பலகையை அவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். எது எங்கே இருந்தது, எதனோடு இருந்தது, இன்று எத்தனை இருக்கிறது என்று பிசகாமல் எழுதத் தெரிந்த பிறகு உவமை வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை.