வாசனை தெரியாத மாணவன்

(குறுவள மையக் கூட்டத்தில் அம்மாபேட்டை அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் என் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை. மற்ற பையன்கள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். “சும்மா இருங்கடா” என்று நான் அதட்டியதோடு சரி. ஒருநாள் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் அடிப்பிடித்து வகுப்பே மூக்கைப் பொத்தியது. இவன் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தான். கேட்டேன். “எனக்கு எந்த வாசனையும் தெரியாது சார், சின்ன வயசுல இருந்தே” என்றான். சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க, அறிவியல் நடத்தும் எனக்கே தோன்றவில்லை. அவன் கல்லூரிக்குப் போன பிறகு ஒரு மருத்துவர்தான் சேர்த்துப் பார்த்தார். கால்மன் சின்ட்ரோம் என்றார்.

மூக்குக்கும் மீசைக்கும் என்ன தொடர்பு? பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் நரம்புச் செல்கள் கருவில் மூக்குப் பகுதியில்தான் உருவாகின்றன. முகர்தல் நரம்பின் வழியைப் பற்றிக்கொண்டு மூளையின் ஹைப்போதலாமசுக்குப் பயணம் செய்கின்றன. மரபணுக் கோளாறால் அந்த வழி சரியாக அமையாவிட்டால் செல்கள் போய்ச் சேருவதில்லை. பிட்யூட்டரிக்குக் கட்டளை வராது. வாசனையும் தெரியாது, பருவமும் வராது. இது பரம்பரையாக வருவதை 1944இல் பிரான்ஸ் கால்மன் விவரித்தார். மிக அரிது, பையன்களிடமே அதிகம் காணப்படுகிறது.

பெண் பிள்ளை வயதுக்கு வரத் தாமதமானால் வீட்டில் கவலைப்படுகிறார்கள். பையன் என்றால், “அவங்கப்பாவுக்கும் லேட்டுதாங்க” என்பதோடு முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் 14 வயதாகியும் பையனிடமோ, 13 வயதாகியும் பெண்ணிடமோ பருவ மாற்றம் எதுவுமே தொடங்கவில்லை என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். பிறவியிலிருந்தே வாசனையும் தெரியாதென்றால் தள்ளிப்போடவே கூடாது.

பரிசோதிப்பது நம் வேலையல்ல. வகுப்பில் கேட்காதீர்கள். பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். ஹார்மோன் சிகிச்சையால் பருவ மாற்றங்கள் வருகின்றன. பிற்காலத்தில் குழந்தை பெறவும் பலருக்குச் சிகிச்சை உதவுகிறது. கவனிக்காமல் விட்டால் எலும்பும் பலவீனமாகும்.

வாசனை மட்டும் திரும்புவதில்லை. அவன் வீட்டில் கேஸ் கசிந்தால் ஒலிக்கும் கருவியை மாட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் அவன் போன் செய்தான். “யாருங்க பேசறது?” என்று கேட்டேன். குரல் அடையாளமே தெரியவில்லை.