விடுதலைக்குப் பின்னும் தொடரும் தண்டனை
(நெருப்பெரிச்சலில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதி, கலியாணச் செலவு முதலிய விஷயங்களையே வழக்கமாகப் பேசிவரும் இம்மேடையில், இன்று சிறைச்சாலையைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். நமக்கும் சிறைக்கும் என்ன சம்பந்தமென்று சிலர் எண்ணலாம். குற்றம் செய்தவன் மாத்திரமே சிறை புகுவான் என்பது நிச்சயமானால், அக்கேள்வி நியாயமே. அது நிச்சயமன்று என்பதற்கு நம் நாட்டிலேயே பெரியதொரு சான்று உண்டு.

1944ஆம் வருஷம் நவம்பர் மாதம் சென்னை வேப்பேரியில் லக்ஷ்மிகாந்தன் என்னும் பத்திரிகைக்காரர் கத்தியால் குத்துண்டு மாண்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். நம் கோயமுத்தூர்ப் படமுதலாளி ஸ்ரீராமுலு நாயுடு அவர்களும் உடன் குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் விசாரணையிலேயே விடுதலையடைந்தார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை ஹைகோர்ட்டு அதை உறுதி செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கௌன்சிலுக்குப் போயிற்று. அப்பீலை மறுபடியும் விசாரிக்க வேண்டுமென்று அங்கிருந்து உத்தரவாயிற்று. 1947 ஏப்ரலில் ஹைகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது.

சிறைக் கதவு திறந்தது. போன காலம் திரும்பியதா? 1944 தீபாவளியன்று வெளியான ‘ஹரிதாஸ்’ பாகவதரைப் புகழின் உச்சியில் வைத்திருந்தது. விடுதலைக்குப் பின் 1948இல் வந்த ‘ராஜமுக்தி’ தோல்வியுற்றது. அந்தப் பழைய நிலையை அவர் மீண்டும் எய்தவேயில்லை. 1959இல் ஐம்பது வயது நிறையுமுன்னே காலமானார். கலைவாணரோ ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ முதலிய படங்களால் மீண்டும் தலையெடுத்தார். அவர் உள்ளே இருந்த காலத்தில் துணைவியார் மதுரம் அம்மையாரும் நண்பர்களும் அவரைக் கைவிடாது நின்றனர். திரும்பி வருகிறவனுக்குத் தீர்ப்பு நகல் மட்டும் போதாது. மனிதர்கள் வேண்டும் என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பாடம்.

செல்வமும் கீர்த்தியும் உடையவர் கதி இதுவானால், ஏழையின் கதி என்ன? பீஹாரில் ருதுல் ஷா என்பவர் 1968இல் கோர்ட்டாரால் விடுதலை செய்யப்பட்டும், 1982 வரையில் சிறையிலேயே கிடந்தார். 1983இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின்படி அவருக்குச் சேர்ந்த மொத்தத் தொகை 35,000 ரூபாய். பதினான்கு வருஷ வாழ்வுக்கு அதுவே விலை! தவறாக வழக்கில் மாட்டப்பட்டோருக்கு நஷ்டஈடு தரத் தனிச் சட்டம் வேண்டுமென்று மத்திய சட்டக் கமிஷன் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் சிபாரிசு செய்தது. சிபாரிசு இன்னும் சட்டமாகவில்லை.

சர்க்கார் செய்ய வேண்டியது அது. நாம் செய்வதென்ன? போலீஸார் ஒருவனை அழைத்துச் சென்ற அன்றே ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அவன் விடுதலையாகி வந்தால், “நெருப்பில்லாமல் புகையுமா?” என்கிறோம். பனியன் கம்பெனியில் அவனுடைய தையல் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறான். வாடகை வீடு கிடைப்பதில்லை. தங்கைக்கு வரும் வரன் தட்டிப்போகிறது. ஒன்றை வெட்கத்தோடு சொல்லுகிறேன். அகப்பட்டவன் நம்மவனானால், “பொய் வழக்கு” என்கிறோம். வேறு ஜாதியானோ, பிழைக்க வந்த வடநாட்டுத் தொழிலாளியோ ஆனால், விசாரணைக்கு முன்பே நம்பிவிடுகிறோம். சங்கம் வைத்து ஒற்றுமை வளர்த்ததன் பலன் இதுவாகலாமா?

ஆகையால் சில காரியங்களை வேண்டிக்கொள்ளுகிறேன். தீர்ப்பாகும் வரையில் எவரையும் குற்றவாளியென்று பேசாதிருப்போம். காவலில் உள்ளவர் எவராயினும், வருமானம் பாராது இலவச வக்கீல் பெற 1987ஆம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டம் இடந்தருகிறது. ஜில்லா சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுச் செய்ய அக்குடும்பங்களுக்கு வழிகாட்டுவோம். நம்முள் கம்பெனி நடத்துவோர், விடுதலையானவனுக்குப் பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்கட்டும். மற்றவர்கள் அவன் வீட்டு நல்லது கெட்டதுகளுக்குத் தவறாமல் போய், ஒரு வாய் உண்டு வரட்டும்.

கோர்ட்டார் நிரபராதி என்று சொன்னவனை நாம் மறுபடி தண்டிக்க நமக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்? இதை ஒவ்வொருவரும் வீடு சென்று யோசிப்பீர்களாக.