கிராம சபை கூடும் முறையும் நம்மவர் கடமையும்

(மதுரை, நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மண்டபத்தில் யாம் பேச எழும்போதெல்லாம் இலக்கியம் பற்றியே பேசுதல் வழக்கம். இன்று நம் காரியதரிசியார் கிராம சபை பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தார். தமிழ்ப் பண்டிதர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். அவை என்பது தமிழ் கற்றார்க்கு அயலான பொருளன்று. அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் திருக்குறளிலேயே உள்ளன. அவற்றைப் பள்ளியில் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் யாம், ஊரின் அவையில் ஒருகால் தவறிழைத்தோம். அத்தவற்றையும் இன்று மறையாது கூறவே வந்துள்ளோம். அதற்கு முன்னர், கிராம சபை என்பது யாது, அஃது எப்பொழுது கூடும், எவ்வாறு நடைபெறும் என்பனவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

ஊராட்சி மன்றமும் கிராம சபையும் ஒன்றே என்று கருதுவார் நம்முள் பலர். இரண்டும் வேறு. மன்றம் என்பது தேர்தலில் வென்ற தலைவரும் வார்டு உறுப்பினரும் அடங்கியது. அதன் ஆயுள் ஐந்தாண்டு. சபை என்பதோ அவ்வூராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளார் யாவரும் அடங்கியது. பதினெட்டு வயது நிரம்பிப் பட்டியலில் பெயர் ஏறிய அன்றே ஒருவர் அதன் உறுப்பினராகின்றார். அதற்கு மனுப் போடவேண்டா, சந்தா கட்டவேண்டா, எவர் கையொப்பமும் வேண்டா. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இவ்வுரிமையை நிலைநாட்டின. மதுரை மாவட்டத்து ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் முடிந்தபொழுது தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். மன்றம் இல்லையாயிற்று, சபை இல்லையாகவில்லை. வாக்காளர் உள்ளவரை அஃது உளது.

நகரில் வாழும் அன்பர்களுக்கு ஒரு சொல். உங்கள் வாக்கு மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளுள் ஒன்றில் இருப்பின், உங்களுக்குரியது பகுதி சபை. அத்தகைய சபைகள் தமிழகத்து நகரங்களில் 2022ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் முதன்முறையாகக் கூடின. வாக்கு மேலூர்ப் பக்கத்திலோ, உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்திலோ ஓர் ஊராட்சியில் இருப்பின், நீங்கள் அவ்வூர்க் கிராம சபையின் உறுப்பினர். குடியிருப்பு மதுரையாயினும் பெயர் இருக்கும் இடத்தில்தான் உரிமையும் இருக்கும்; கடமையும் இருக்கும்.

இனிச் சபை கூடும் நாட்களைக் கேண்மின். சட்டத்தின்படி இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு திங்களுக்கு மேல் செல்லலாகாது. தமிழகத்தில் நெடுங்காலமாக ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்னும் நான்கு நாட்களிலும் சபை கூடிவந்தது. 2022ஆம் ஆண்டில் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22ஆம், உள்ளாட்சிகள் நாளாகிய நவம்பர் 1ஆம் இவற்றோடு சேர்க்கப்பட்டன. ஆகவே நாட்கள் ஆறு. மக்கள் வந்து அமர்தற்பொருட்டே பொது விடுமுறை நாட்கள் பெரிதும் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதை நினைவில் வைமின். இச்செய்திக்கு இறுதியில் மீண்டும் வருவோம்.

கூட்டத்திற்கு 7 நாட்களுக்கு முன்னரே நாளும் நேரமும் இடமும் பொருளும் ஊரார்க்கு அறிவிக்கப்படல் வேண்டும். முன்னாளில் தண்டோராப் போடுவர். ஒரு சாராரையே பறையடிக்கச் செய்யும் அவ்வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கியால் அறிவிக்குமாறு தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் பணித்தது. சபை பொதுவிடத்தில் கூடல் வேண்டும். மதச்சார்புடைய வளாகங்களில் கூட்டலாகாது என்று ஆட்சியர் அறிவிப்புக்கள் கூறுகின்றன. இதன் கருத்து யாதெனின், ஒரு சாரார் உரிமையோடு நுழைய, மற்றொரு சாரார் தயங்கி வெளியே நிற்கும் இடம் சபைக்கு இடமாகாது என்பதே.

வந்தோர் தொகைக்கும் ஓர் அளவு உண்டு. ஊராட்சியின் மக்கள் தொகை 500 வரை எனின் 50 பேரும், 501 முதல் 3,000 வரை எனின் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை எனின் 200 பேரும், அதற்கு மேற்படின் 300 பேரும் வந்திருத்தல் வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைமை ஏற்பார். வரவு செலவுக் கணக்குப் படிக்கப்படும். குடிநீர், விளக்கு, சாலை, துப்புரவு முதலியன எடுத்துக்கொள்ளப்படும். எவரும் எழுந்து வினவலாம். முடிவுகள் தீர்மானமாகப் புத்தகத்தில் எழுதப்படும். வந்தோர் கையொப்பம் இடுவர். எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்ட பின்னரே கையொப்பம் இடுதல் முறை. படியாததற்குக் கையொப்பம் இட்டுச் சிற்றுண்டியோடு எழுந்துபோதல் நம் ஊர்களில் காணும் வழக்கம்.

அவைக்கு ஒழுங்கு வகுத்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை யாவரும் அறிவர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை முறை அவற்றில் பொறிக்கப்பட்டது. அதனினும் பழையது பாண்டிநாட்டிலேயே உண்டு. திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள மானூரில், மாறஞ்சடையன் என்னும் பாண்டியன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 800ஆம் ஆண்டில் வெட்டிய கல்வெட்டு, சபையில் அமர்தற்கு உரியார் யாவர் என்று வரையறுக்கின்றது. எடுத்த பொருள் ஒவ்வொன்றற்கும் வேண்டுமென்றே மறுப்புச் சொல்லித் தடுப்பார்க்கு 5 காசு தண்டமும் விதிக்கின்றது. இதனைக் கண்டு பெருமிதம் கொள்வோம். ஆயினும் உண்மையை மறவற்க. அவை இரண்டும் பிராமணர் ஊர்களின் சபைகள். நிலத்தில் பங்குடையாரும் வேதம் கற்றாருமே அவற்றில் அமர்ந்தனர். உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் அங்கே இடமில்லை. இன்று நம் தாய்மார்களும், நம் வயலில் நாற்று நடுவாரும், நம்மோடு ஒரே பாயில் அமரும் உரிமை பெற்றிருத்தல் அப்பழைய சபைகள் கண்டறியாத பேறு.

இப்பேற்றினைக் கெடுப்பது யாது? கூட்டம் வாராமை ஒன்று. அதனினும் கொடியது மற்றொன்று உண்டு. சபைக்கு முதல்நாள் இரவே வேறோரிடத்தில் முடிவு செய்துவிட்டு, மறுநாள் அம்முடிவுக்குச் சபையை முத்திரையாக்குதல் அது. அவ்வேறிடம் பெரும்பாலும் ஒரு சாதியாரின் மந்தையாகவோ மண்டபமாகவோ இருத்தலை நாம் மறைத்துப் பயனில்லை.

இம்மாவட்டத்திலேயே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்னும் ஊராட்சிகளில் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். 1996ஆம் ஆண்டில் அவற்றின் தலைவர் பதவி ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. மனுத் தாக்கல் செய்வார் இன்றியும், வென்றவர் உடனே விலகியும் பத்தாண்டுகள் கழிந்தன. சட்டம் திறந்த கதவை ஊர்க்கட்டுப்பாடு அடைத்துவைத்தது. 2006ஆம் ஆண்டு அக்டோபரிலேதான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தனர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2021ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அதே பாப்பாபட்டியில் கூடிய கிராம சபையில் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்கள் கலந்துகொண்டார். ஓர் ஊரின் பெயர் வசையினின்று நீங்கிச் சிறப்படைய எத்துணைக் காலம் சென்றது பார்மின்! அவர்களைப் பழித்தற்கு இதனைக் கூறினோம் அல்லோம். எம்மிடத்தும் அக்குற்றம் சிறிய அளவில் உண்டு.

சில ஆண்டுகட்கு முன், எம் ஊரில் புதிய குடிநீர்க் குழாய் பதிக்கப் பணம் வந்தது. சபைக்கு முதல்நாள் மாலை நம்மவர் மந்தையில் கூடினர், யாமும் இருந்தோம். குழாய் நம் தெருவழியே தொடங்குதல் வேண்டும் என்று முடிவாயிற்று. மறுநாள் சபையில், கையெழுத்து நன்றாயிருக்கும் என்று தீர்மானத்தை எழுதும் பணியை எம்மிடம் தந்தனர். கிழக்குக் குடியிருப்பிலிருந்து வந்த முதிய அம்மையார் ஒருவர் எழுந்தார். கோடையில் தங்கள் தெருக்கடைசிக்கு நீர் வருவதேயில்லை என்றும், குழாய் அம்முனையிலிருந்து தொடங்கினால் இரு தெருவார்க்கும் நீர் எட்டும் என்றும் சொன்னார். அவர் சொல்லில் நியாயம் இருந்தது. நம்மவர் இருவர், "அதைப் பிறகு பார்ப்போம்" என்றனர். அம்மையார் அமர்ந்தார். யாம் புத்தகத்தில், "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதினோம்.

நான்கு திங்கள் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் அவ்வம்மையார் எம்மைக் கண்டார். இடுப்பில் குடம் இருந்தது. "வாத்தியாரையா, அன்னைக்கு நான் சொன்னதையும் அந்த நோட்டிலே எழுதினீங்களா?" என்று கேட்டார். குறை கூறும் குரலன்று. எழுதியிருப்போம் என்று நம்பிய குரல். யாம் விடை கூறாது நின்றோம். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டோம். மாணாக்கர் ஒற்றுப் பிழை செய்தால் சிவப்பு மையால் சுழிக்கும் யாம், ஒரு பொய்ச்சொல்லை அழகிய கையெழுத்தில் எழுதி, ஒரு தெருவின் தாகத்தை மறைத்தோம். அடுத்த சபையில் யாமே எழுந்து நடந்ததைச் சொல்லி, அவ்வம்மையாரின் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதுவித்தோம். அதன்பின் நம்மவர் சிலர் சில காலம் எம்மோடு பேசவில்லை. கிழக்குத் தெருவுக்குத் தனிக்குழாய் வர மேலும் ஓராண்டு சென்றது. அவ்வோராண்டுக்கு யாமே பொறுப்பு.

உண்மையாக எழுதிய தீர்மானத்தின் வலிமையையும் நாம் கண்டோம். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உடைய மலையூர். 2022ஆம் ஆண்டில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதனை உள்ளிட்ட பகுதியில் ஏறக்குறைய 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கம் அமைத்தற்குரிய ஏலம் முடிந்த செய்தி 2024ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அவ்வாண்டு தீபாவளியை ஒட்டி, நவம்பர் 1இல் கூடவேண்டிய சபை 23ஆம் நாளுக்கு மாற்றப்பட்டிருந்தது. அந்நாளில் அரிட்டாபட்டியும் அதன் அண்டை ஊர்களும் சுரங்கம் வேண்டா என்று தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றமும் அவ்வாறே தீர்மானித்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் மக்கள் திரள் திரளாக மதுரைக்கு நடந்துவந்தனர். அத்திங்கள் 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை நீக்கியது. சபைத் தீர்மானம் ஒன்றே இதனைச் செய்தது என்று யாம் கூறோம். ஆயினும் முதற்குரல் சபைகளில் எழுந்தது. மலை போனால் எல்லார்க்கும் போகும் என்பதால் அன்று அவர்கள் ஊராக அமர்ந்தனர். குழாய் நீருக்கும் அவ்வாறே அமர்தல் நமக்கு ஏன் இயலாது?

சங்கம் கூடலாகாது என்பது எம் கருத்தன்று. நம் பிள்ளைகளின் கல்விக்கு உதவுதலும், திருமணத்திற்குத் துணைநிற்றலும், துயருற்றார்க்குக் கைகொடுத்தலும் சங்கத்தின் பணி. வீட்டிற்குள் பேசவேண்டியதை வீட்டிற்குள் பேசுவோம். தெருவிற்குரியதைத் தெருவாரோடு அமர்ந்தே பேசுதல் வேண்டும். மந்தையில் முடித்துவிட்டுச் சபைக்குச் செல்வோன் கேட்கச் செல்கின்றானல்லன். கணக்குக்குத் தலை காட்டச் செல்கின்றான்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு பல்லாண்டுகளாக ஆகஸ்டு 15ஆம் நாள் இம்மண்டபத்தில் கூடுகின்றது. விடுமுறை நாள், யாவர்க்கும் வசதி என்று நம் முன்னோர் அதனைத் தேர்ந்தனர். அந்நாளிலே சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து பேருந்தேறி நம்மவர் இங்கே வந்துவிடுகின்றனர். ஊரில் கிராம சபையோ அதே வேளையில் கூடுகின்றது. நம் இருக்கை அங்கே வெறுமையாகின்றது. இல்லையேல், முதல்நாள் முடிவைக் கையிற் கொண்ட ஓரிருவரே நம் அனைவர்க்கும் வாயாகின்றனர். ஆகலின், பொதுக்குழுவை ஆகஸ்டுத் திங்களின் வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுமாறு நிர்வாகக் குழுவினரைப் பணிவுடன் வேண்டுகின்றோம். அவ்வாறு மாற்றினால், வரும் ஆகஸ்டு 15ஆம் நாள் நீங்கள் இம்மண்டபத்திற்கு வாரற்க. உங்கள் ஊர்ச் சபைக்குச் செல்மின். கணக்கைக் கேண்மின். எவர் எழுந்து பேசினும் முடிவளவும் கேண்மின். அவர் சொன்னது புத்தகத்தில் ஏறிற்றா என்று படித்துக்காட்டச் சொல்லிப் பின்னர்க் கையொப்பம் இடுமின்.